ரைட்டு தட்டிவிட்ட தண்ணீர்

அக்கா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. டோக்கன் என்ன நம்பர்? பத்தொன்பதா? நான் பதினேழு. உள்ளே இப்போதுதான் எட்டு ஓடுகிறது, நேரம் கிடக்கிறது. உங்களுக்கு எது கடித்தது, தெருநாயா? பூனையா! பூனைக்குமா இந்த ஊசி? சரி சரி, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீங்க. நான் சிரிக்கவில்லை. என் முகமே அப்படித்தான். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸே சொல்லியிருக்கிறார், "மாரிக்கனி, உன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு டி.சி. எழுதணும்போல கை அரிக்குது"ன்னு. அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். இன்றைக்கு முடியாது. கேட்கிறீங்க இல்லையா, தொண்டை எப்படி இருக்கிறது என்று? வெறும் காற்றுதான் வருகிறது. காலையில் எழுந்ததிலிருந்து இப்படி.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? அந்த வியாதி வந்தால் முதலில் தொண்டைதான் போகும் என்கிறார்களே, உண்மையா?

வேண்டாம். சொல்லாதீங்க. இந்தப் பாட்டிலைப் பாருங்க. மூடியைத் திறக்கிறேன். தண்ணீரைப் பார்க்கிறேன். நல்லா உற்றுப் பார்க்கிறேன். குடிக்கிறேன்.

பார்த்தீங்களா, குடித்துவிட்டேன். தண்ணீரைக் கண்டு பயமில்லை. எட்டு நாளாக மணிக்கு ஒரு தடவை இப்படிப் பரிசோதனை செய்துகொள்கிறேன். வீட்டில் என்றால் பிரிட்ஜ் தண்ணீர், பெரிய டம்ளரில் ஒன்று. நல்லா ஜில்லென்று இருந்தால்தான் பயம் இருக்கிறதா இல்லையா என்று சரியாகத் தெரியும். தொண்டையில் இறங்கும்போது சுருக்கென்கிறது. அந்தச் சுருக்கு பயமா, குளிரா? அதுதான் தெரியவில்லை.

என்னைக் கடித்தது தெருநாய் இல்லை. வீட்டு நாய். ஆனால் எங்கள் வீட்டு நாயும் இல்லை. பெயர் ரைட்டு.

எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடு. மாடியில் வீட்டுக்காரர் தங்கப்பழம். கீழே ஒரு பக்கம் நானும் அம்மாவும். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள், காலை ஆறரைக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் சண்முகையா. தனி ஆள். அவரும் ரைட்டும்தான். பஸ் ஸ்டாண்டில் டயருக்குப் பக்கத்தில் குட்டியாகப் படுத்திருந்ததாம், எழுப்பினால் எழவில்லையாம், "போலாம் ரைட்!" என்று இவர் டிரைவருக்குக் குரல் கொடுத்ததும் எழுந்து நடந்ததாம். அதனால் அந்தப் பெயர். பொய்யாகக்கூட இருக்கலாம். அவர் நன்றாகப் பொய் சொல்வார்.

நான் யார் குரலையும் எடுப்பேன் அக்கா. தங்கப்பழம் மாமா மாடியிலிருந்து பேசினால், "வந்து... நான் என்ன சொல்ல வாறேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு, என்ன சொல்ல வந்தார் என்பதை மறந்துவிடுவார். அந்தக் குரலில் நான் ஒருநாள் "வந்து... மோட்டார ஆஃப் பண்ணுங்கட்டி"ன்னு படிக்கட்டுக்குக் கீழிருந்து சொன்னேன். அவர் மனைவியே ஓடிப்போய் அணைத்தார். இந்த ஆஸ்பத்திரியில்கூட முதல் நாள் வந்தபோது சிஸ்டர் குரலில் "அடுத்த டோக்கன்!" என்று இந்த பெஞ்சிலிருந்து சொன்னேன். நாலு பேர் எழுந்து நின்றார்கள். அம்மா தொடையில் கிள்ளினாள், கடித்த இடத்தைவிட அதுதான் வலித்தது.

ஆனால் எல்லாக் குரலிலும் எனக்கு அமைந்த குரல் கண்டக்டர் மாமா குரல்தான். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான், "உள்ள வா, உள்ள வா! படியில நின்னு பொண்ணா பார்க்கே?" என்பேன். அந்தப் பக்கமிருந்து அதே குரலில், "உள்ள எடங் கெடக்கு, ஓன் மனசுலதான் எடமில்ல!" என்று வரும். இப்படியே அரை மணி நேரம் ஓடும். எது யார் என்று அம்மாவுக்கே தெரியாது. "ஏ பிள்ள, பேசாம நாளைக்கு எனக்குப் பதிலா நீ டூட்டிக்குப் போயிரு. நான் படுத்துத் தூங்குதேன்" என்பார். மற்றவர்கள் குரலை எடுத்தால் அவர்களுக்குக் கோபம் வரும். அவருக்கு மட்டும்தான் சந்தோஷம் வரும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் டூட்டி முடிந்து வருவார். கேட்டைத் திறக்கும்போதே, "எல்லாம் எறங்கு, எல்லாம் எறங்கு! கடைசி ஸ்டாப்பு!" என்று கத்திக்கொண்டேதான் வருவார். காலனி முழுக்கக் கேட்கும். ரைட்டு பம்பரமாகச் சுற்றும். காலையில் வைத்த தண்ணீர் வெயிலில் கொதித்துப் போய்க் கிடக்குமில்லையா, அந்தச் சட்டியை மாமா வலது காலால் ஒரு தட்டு தட்டுவார். தண்ணீர் முற்றத்தில் ஓடும். "கொதிக்கக் கொதிக்கக் குடிக்க நீ என்ன டீக்கடைக்கா வந்திருக்கே?" என்று அதைத் திட்டிக்கொண்டே தன் மண்பானையிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் காக்க வைத்து, "போலாம் ரைட்!" என்பார். அப்புறம்தான் அது வாயை வைக்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

பங்குனி மாதம் ஒருநாள் வண்டி ஸ்டாண்டுக்கு வந்து நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். இவர் மட்டும் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கூப்பிட்டுப் பார்த்தாராம்.

அங்கிருந்தே ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்தே சொந்த ஊர். காம்பவுண்டுக்குக் கொண்டுவரவே இல்லை. பத்தாம் நாள் அவருடைய அண்ணன் மகன் வந்து கட்டில், பீரோ எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினான். ரைட்டையும் அந்தச் சட்டியையும் விட்டுவிட்டுப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அவர் செத்தது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், தங்கப்பழம் மாமாவுக்குத் தெரியும். ரைட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கு எப்படிச் சொல்வது?

அது கேட்டுக்குப் பக்கத்தில் படுத்தே கிடந்தது. அம்மா சோறு வைத்தாள், மோந்துகூடப் பார்க்கவில்லை. அவன் பூட்டிப் போன மூன்றாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "எல்லாம் எறங்கு, எல்லாம் எறங்கு! கடைசி ஸ்டாப்பு!" என்று விட்டேன் ஒரு குரல். அக்கா, நீங்க பார்த்திருக்க வேண்டும். செத்த மாதிரி கிடந்தது துள்ளி எழுந்து, கேட்டுக்கு ஓடி, திரும்பி ஓடிவந்து, சட்டியைத் தட்டிவிட்டு, கவிழ்ந்த சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாலால் தரையைப் பெருக்குகிறது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சட்டியை நிமிர்த்தி, ஊற்றி, "போலாம் ரைட்!" என்றேன். அது தண்ணீரைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்தது. அப்புறம் மறுபடியும் ஒரு தட்டு.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கெட்ட பழக்கம். அதிலிருந்து நான் எப்போது தண்ணீர் வைத்தாலும் தட்டிவிடும். ஒரு வாய்கூடக் குடிக்காது. நானும் சும்மா இருக்கவில்லை. அவர் குரலைக் கேட்டாலாவது குடிக்கும் என்று வைக்கிற நேரமெல்லாம் அவர் மாதிரியே சொல்லித்தான் வைத்தேன். ஒருநாள்கூட விடவில்லை. பரீட்சை லீவுதானே, ஒரு நாளைக்கு நாலு தடவை. நாலு தடவையும் தட்டிவிட்டது. கொஞ்சமாவது நன்றி இருக்கிறதா பாருங்க.

அம்மா காலையில் வேலைக்குப் போகுமுன் வைக்கிற தண்ணீரைக் குடித்துவிடுகிறதாம். அம்மா அப்படித்தான் சொல்கிறாள். "வச்சேன், குடிச்சிச்சு. இதுல என்ன அதிசயம்?" என்கிறாள். நான் நம்பவில்லை. அம்மா என்னிடமே நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள், நாயிடமா கெஞ்சிக் குடிக்க வைக்கப் போகிறாள்? என் பயம் போகட்டும் என்று சொல்கிறாள்.

உங்கள் பக்கம் தண்ணீர் எப்படி அக்கா? எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை. தங்கப்பழம் மாமா குடத்தை எண்ணுகிற ஆள். முற்றத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டால், "வந்து... நான் என்ன சொல்ல வாறேன்னா... எட்டு நாளைக்கு ஒருக்கா வாற தண்ணி, ஓன் நாய் தெரு தெளிக்கதுக்கா வருது?" என்பார். என் நாய் இல்லை என்றால், "அப்ப யார் நாய்?" என்பார்.

அதனால் நான் யோசித்தேன். முதலில் அலுமினியச் சட்டியை மாற்றிவிட்டு, கொத்தனார் கலவை சுமக்கிற இரும்புச் சட்டி வைத்தேன். "கடைசி ஸ்டாப்பு!" என்றேன். முன்னங்காலை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து, கவிழ்ந்தது. அதற்குள் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேன். கல்லோடு கவிழ்த்தது. பஞ்சர் கடையில் ஒரு பழைய கார் டயர் கேட்டு வாங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். டயருக்கு நடுவே சட்டியைப் பொருத்திவிட்டால் எந்த நாயாலும் கவிழ்க்க முடியாது, பஞ்சர் கடை அண்ணன் சத்தியம் செய்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது. முழு மூச்சையும் பிடித்து, "எல்லாம் எறங்கு!" என்றேன். ரைட்டு டயரைச் சுற்றி மூன்று சுற்று வந்தது. காலை வைத்துப் பார்த்தது, முடியவில்லை. முனகியது. அப்புறம் சட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்வி, மேலே இழுத்து, வெளியே போட்டுவிட்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

நான் கோபத்தில் குனிந்து சட்டியை எடுத்துக்கொண்டே, அவர் குரலிலேயே திட்டினேன். "கொதிக்கக் கொதிக்கக் குடிக்க நீ என்ன டீக்கடைக்கா வந்திருக்கே?" அதே ஏற்றம், அதே இறக்கம். அவரே கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். ரைட்டு திரும்பி என்னைப் பார்த்தது. என் கண்ணைப் பார்க்கவில்லை அக்கா, என் வாயைப் பார்த்தது. ரொம்ப நேரம் வாயையே பார்த்தது. எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது. மறுபடியும் வாயை. அப்புறம் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டது.

இதோ, இந்த இடம். நாலு பல். போன வியாழக்கிழமை. மணி இரண்டேகால்.

சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவினேன், அது படித்திருக்கிறேன். அம்மா ஆறு மணிக்கு வந்தாள். "எம்மா, ரைட்டு என்னக் கடிச்சிருச்சு" என்றேன். அம்மா கூடையை வைத்துவிட்டு, "பேஸ்டத் துப்பிட்டு வா" என்றாள்.

அது எதற்கென்றால், போன வருஷம் பத்தாம் வகுப்பில் நான் வாய் நிறைய பற்பசை நுரையோடு நாலு காலில் ஓடி ஸ்டாஃப் ரூமுக்குள் போய்க் குரைத்தேன். வெறிநாய்க்கடி மாதிரி. கணக்கு டீச்சர் மேசைமேல் ஏறிவிட்டார். அம்மாவை வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அரைநாள் சம்பளம் போனது. அன்றைக்கு அவ்வளவு சிரிப்பாக இருந்தது அக்கா. இப்போது படுத்தால் அந்த நுரைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ருசிகூட வருகிறது.

சாப்பிட உட்கார்ந்தபோது நான் இடது கையால் சாப்பிட்டேன். அம்மா பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பினாள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

மறுநாள் காலையிலேயே இங்கே கூட்டிவந்தாள். சிஸ்டர் ரெண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி போட்டார். "நாய் ஒங்க கண்ணு முன்னாலதான இருக்கு? பத்து நாள் பார்த்துக்கிடுங்க. அதுக்கு ஒண்ணும் ஆகலன்னா ஒனக்கும் ஒண்ணும் ஆகாது. நாய விரட்டிறாதீங்க, அடிச்சுப் போட்டுறாதீங்க. ஊசிய மட்டும் விட்றக் கூடாது" என்றார். நான் கேட்டேன், "சிஸ்டர், அது தண்ணியத் தட்டித் தட்டி விடுது, தண்ணிக்குப் பயமா இருக்குமோ?" சிஸ்டர் எழுதிக்கொண்டே, "நாய்க்கு எங்க பயம் வருது? அந்தப் பயம் மனுசருக்குத்தான் வரும்" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவர்.

அன்றிலிருந்து எனக்கு ரெண்டு வேலை. என்னைப் பார்ப்பது, ரைட்டைப் பார்ப்பது. என் பிழைப்பு அதன் பிழைப்பில் இருக்கிறது. அது தண்ணீர் குடித்தால் நான் பிழைப்பேன், அவ்வளவுதான். பத்தாம் நாள் என்றால் நாளைக் கழித்து ஞாயிற்றுக்கிழமை. அதுவரை அது நல்லபடியாக இருக்க வேண்டும். அதுவரை அதை யாரும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது.

ஆனால் தங்கப்பழம் மாமாவுக்குச் சேதி தெரிந்துவிட்டது. மாடிப்படியில் நின்றுகொண்டு, "வந்து... நான் என்ன சொல்ல வாறேன்னா, தண்ணியக் கண்டா தட்டி விடுதுன்னா அது அந்தச் சீக்குதான். எங்க ஊர்ல பார்த்திருக்கேன்" என்றார். "சிஸ்டர் அப்படி இல்லங்காவ மாமா" என்றேன். "சிஸ்டரா இந்தக் காம்பவுண்டுல குடியிருக்காவ? எம் பேரன் பேத்தி லீவுக்கு வருது" என்றார். அன்றைக்கு ஒரு வாக்கியத்தையும் அவர் பாதியில் மறக்கவில்லை அக்கா.

கடைசியில் நான் கண்டுபிடித்தது உரல். காம்பவுண்டுக்குப் பின்னால் பழைய கல் உரல் ஒன்று கிடந்தது. பஞ்சர் கடை அண்ணனும் அவர் தம்பியும் வந்து உருட்டி முற்றத்தில் நிறுத்தினார்கள். குழியில் ரெண்டு செம்பு தண்ணீர் பிடிக்கும். யானை வந்தால்தான் கவிழ்க்கலாம். புதன்கிழமை மத்தியானம், தங்கப்பழம் மாமா மேலே நின்று பார்க்கிறார், அம்மாவும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. இன்றைக்குக் குடிக்க வைத்துக் காட்டிவிட வேண்டும் என்று நான் முழுப் பாட்டையும் எடுத்துவிட்டேன். கேட்டைத் திறக்கிற சத்தம் வாயால், செருப்புச் சத்தம் வாயால், "எல்லாம் எறங்கு, எல்லாம் எறங்கு! கடைசி ஸ்டாப்பு!" மறுபடியும் மறுபடியும். சத்தியமாக, அதைப்போல நான் செய்ததே இல்லை. அம்மாகூட ஒரு நிமிஷம் கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ரைட்டு உரலைக் காலால் தட்டியது. அசையவில்லை. தலையைக் கொடுத்து முட்டித் தள்ளியது. மூக்கில் ரத்தம் வந்தது. பல்லால் கடித்துப் பார்த்தது. கல்லில் பல் உரசுகிற சத்தம் கேட்டிருக்கிறீங்களா? அப்புறம் என்ன செய்தது தெரியுமா? முன்னங்காலை உள்ளே விட்டுத் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே இறைத்தது. சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் இறைத்துவிட்டு, காலி உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டைப் பார்த்து வாலை ஆட்டியது. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, வால் ஆடுகிறது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது, இது அந்த வியாதிதான் என்று. தங்கப்பழம் மாமா மேலேயிருந்து, "வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள தண்ணி ஒழுங்காக் குடிக்கலன்னா நாய் வண்டிக்குப் போன் பண்ணிருவேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான்.

நேற்று முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தினேன் அக்கா. மணிக்கு ஒரு தடவை ரைட்டுக்குக் கண்டக்டர் குரல், மணிக்கு ஒரு தடவை எனக்கு ஐஸ் தண்ணீர். ஒரு வாய் குடித்துவிடு, ஒரே ஒரு வாய், தங்கப்பழம் மாமா பார்க்கிற மாதிரி. இறைத்து இறைத்து முற்றமே சகதியாகிவிட்டது. இன்றைக்குக் காலையில் எழுந்தால் என் குரல் இல்லை. "எம்மா" என்று கூப்பிட்டேன், ஊதின மாதிரி காற்று வந்தது. அம்மா அதற்குள் போய்விட்டாள். நான் அப்படியே படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். தொண்டை முதலில் போகும். அப்புறம் தண்ணீர் இறங்காது. அப்புறம் நுரை.

இருந்தாலும் எழுந்து போய் உரலில் தண்ணீர் ஊற்றினேன். என்ன சொல்வது, குரல் எங்கே இருக்கிறது? சும்மா ஊற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ரைட்டு வந்தது. உரலைப் பார்த்தது, கேட்டைப் பார்த்தது, என் வாயைப் பார்த்தது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் தலையைக் குனிந்து குடித்தது அக்கா. தட்டவில்லை, இறைக்கவில்லை. சளப் சளப் என்று அடிவரைக்கும் குடித்தது. குடித்துவிட்டு வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

நாற்பது நாளாகக் குடிக்காதது இன்றைக்கு ஏன் குடிக்கிறது? கடைசிக் கட்டத்தில்தான் இப்படி அடங்கிப்போகும் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். எனக்குக் குரல் போன அதே நாளில் அதுவும் அடங்குகிறது என்றால் என்ன அர்த்தம்? ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முற்றிவிட்டது என்றுதானே?

என்ன கேட்கிறீங்க? இன்றைக்குக் காலையில் நான் பேசவே இல்லையா என்றா? ஆமாம், அதைத்தானே சொன்னேன், குரல் இல்லை.

அம்மா வைக்கும்போதா? அம்மா எங்கே பேசுவாள்.

கண்டக்டர் மாமா வந்ததும் பழைய தண்ணீரை என்ன செய்வாரா? கொட்டிவிடுவார். காலால் ஒரு தட்டு. முதலிலேயே சொன்னேனே.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? என்ன, அவர் வந்துவிட்டார் என்று நினைத்து, அவர் செய்கிற வேலையை அதுவே செய்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்கிறீங்களா? புதுத் தண்ணீரோடு அவர் வருவார் என்றா? சும்மா இருங்க அக்கா. நாய்க்கு அவ்வளவு யோசனை ஏது? நான் நாற்பது நாளாகப் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அது வியாதிதான்.

பதினேழா? என்னைத்தான். இருங்க, வந்துவிடுகிறேன். பையைப் பார்த்துக்கொள்ளுங்க.

ரெண்டு கையிலும் போட்டாகிவிட்டது. வலிக்கவில்லை. டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார் சிஸ்டர். "என்னட்டி, ஐஸ் தண்ணியாக் குடிச்சுத் தள்ளுனியா? கத்திக் கத்தித் தொண்டையப் புண்ணாக்கி வச்சிருக்க. வேற ஒரு மண்ணும் இல்ல" என்றார். அந்த வியாதி இல்லையா என்று கேட்டேன். "அந்த வியாதிக்காரி இவ்வளவு நேரம் பெஞ்சுல உக்காந்து கத பேசுவாளா?" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஒன்று சொன்னார் பாருங்க, "ஞாயித்துக்கெழம வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது. யார் கொரல்லயும்!" அந்த முதல் நாள் டோக்கன் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் இல்லையா?

உள்ளே சட்டையை மடித்துவிட்டபோது நீங்க சொன்னதை நினைத்தேன். அப்படியெல்லாம் இருக்காது. ஆனால் அக்கா, அது சட்டியைத் தட்டும்போது எப்போதும் வலது முன்னங்காலால்தான் தட்டும். டயரைச் சுற்றி வந்தபோதுகூட, வலது கால் வாகாக வருகிற இடத்தில்தான் நின்றது. அவரும்...

சரி. பேச மாட்டேன். மத்தியானம் சும்மா உரலில் தண்ணீரை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். தங்கப்பழம் மாமா மேலே நின்று பார்க்கட்டும். அது தட்டாமல் குடித்துவிட்டால் அவர் போனை உள்ளே வைத்துவிடுவார். ரைட்டு பிழைத்தது, நானும் பிழைத்தேன். அப்படித்தான் ஆக வேண்டும், அதற்குத்தானே இத்தனை பாடு.

ஆனால் தட்டாமல் குடித்துவிட்டால், அவர் வரமாட்டார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அது கேட்டைப் பார்ப்பதையே விட்டுவிடும். அப்புறம் நான் திங்கட்கிழமை நடுச்சுவரில் நின்று கூப்பிட்டால், "எவ அது கத்துதது" என்று படுத்தே கிடக்கும். அதற்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தானே கூப்பிட்டேன். எனக்கு யார் இருக்கிறார்கள், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்? பதில் சொல்ல?

எட்டு நாளாகப் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை அக்கா. இப்போதுதான் நிஜமான பயம்.

ஒரே ஒரு தடவை, உங்களுக்காக மட்டும் சொல்லிக் காட்டுகிறேன். மெதுவாக. சிஸ்டருக்குக் கேட்காது. எல்லாம் எற... எல்லாம்...

வரவில்லை. காற்றுதான் வருகிறது.

பத்தொன்பது கூப்பிடுகிறார்கள், உங்களைத்தான். போங்க அக்கா, வலிக்காது. நான் இப்படியே கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன். ரெண்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.